ஓட்டத்தைப் பிடிக்கும் கண்: வாசகர் கேள்வி – பதில்

அசையும் பொருளைக் கூர்மையாகவும் சட்டகத்துக்குள் ஒழுங்காகவும் எடுப்பது பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: 18–55 கிட் லென்ஸோடு வந்த கேமரா வைத்திருக்கிறேன். மகன் சைக்கிள் ஓட்டுவது, தெருவில் பைக் போவது, கோயில் யானை நடந்து வருவது என்று எதை எடுத்தாலும் மங்கல். லென்ஸில் கோளாறா?
— வாசகர், மன்னார்குடி

லென்ஸைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மங்கலில் நாலு விதம் உண்டு. எது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் வீண். படத்தைக் கம்ப்யூட்டரில் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்குங்கள். மகன் முகத்தோடு பின்னால் உள்ள சுவரையும் கீழே தரையையும் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. சுவர் நறுக்கென்று இருந்து சைக்கிள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழ ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) போதவில்லை. இழுப்பே இல்லை, ஆனால் சைக்கிளுக்கு முன்னாலோ பின்னாலோ தரையில் ஒரு பட்டை மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. எங்குமே கூர்மை இல்லாமல் பால் ஆடை படிந்த மாதிரி இருந்தால் முன்கண்ணாடியைத் துடையுங்கள். மலிவான யுவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தாலும் நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடி பனித்துவிடும். அப்போது கேமராவைப் பையிலேயே மூடி 20 நிமிடம் விட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் படங்கள் பெரும்பாலும் இரண்டாவது விதமாக இருக்கும். நிழல் விழுந்த தெருவில் ஆட்டோ மோடு 1/60, 1/100 நொடி என்றுதான் ஷட்டரை வைக்கும். மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் பைக் நொடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. 1/100 நொடியில் 10 சென்டிமீட்டர், 1/1000 நொடியில் 1 சென்டிமீட்டர். உங்கள் படத்தின் அகலம் 6000 பிக்சல், அதில் அடங்கும் தெரு 5 மீட்டர் என்றால், முதல் கணக்கில் பைக் 120 பிக்சல் இழுபடும். இரண்டாவதில் 12 பிக்சல். 120 பிக்சல் இழுப்பு செல்போன் திரையிலேயே தெரிந்துவிடும். 12 பிக்சல், பெரிதாக்கினால்தான் தெரியும்.

இந்தக் கணக்கு குறுக்கே போகும் வண்டிக்கு. அதே வண்டி உங்களை நோக்கி வந்தால் பக்கவாட்டு நகர்வு மிகக் குறைவு. 1/500 கூடப் போதும். ஆனால் அங்கே ஃபோகஸுக்கு வேலை கூடிவிடும், ஏனென்றால் தூரம் நொடிக்கு நொடி மாறுகிறது. எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் ஷட்டரையும் முடிவு செய்கிறது, படத்தின் அமைப்பையும் முடிவு செய்கிறது. கேமராவை விட முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். ஷட்டர் வேகத்தை நீங்களே தேர்ந்தெடுக்கும் மோடுக்கு மாறுங்கள்: கேனானில் டிவி (Tv), மற்ற பெரும்பாலான கேமராக்களில் எஸ் (S). யானைக்கு 1/250, சைக்கிளுக்கு 1/500, பைக்குக்கு 1/1000. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) ஆட்டோவில், உச்ச வரம்பு 6400. நகரும் பொருளைப் பின்தொடரும் ஃபோகஸ் கேனானில் சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. கிளிக் செய்வதற்கு ஒரு நொடி முன்பே பட்டனைப் பாதி அழுத்திப் பின்தொடரத் தொடங்குங்கள். வந்தவுடன் ‘டப்’பென்று அழுத்தினால் கேமராவுக்குக் கணக்குப் போட நேரமில்லை. படம் புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும், அதைப் பிறகு குறைக்கலாம். இழுபட்ட முகத்தை மீட்பது பெரும்பாடு. லென்ஸில் ஐஎஸ், விஆர் என்று எழுதியிருக்கும் நடுக்கத் தடுப்பை நம்பி ஷட்டரைக் குறைக்காதீர்கள். அது உங்கள் கையைத்தான் கட்டிப்போடும், மகனின் காலை அல்ல.

கேள்வி: மாட்டுவண்டிப் பந்தயப் படங்களில் மாட்டின் கொம்பு வெட்டுப்படுகிறது, அல்லது வண்டி ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பத்து படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பின்னணி கலங்கி மாடு மட்டும் கூர்மையாக இருக்கும் படம் எப்படி எடுப்பது?
— பத்திரிகைக்குப் படம் அனுப்புபவர், பட்டுக்கோட்டை

கொம்பு வெட்டுப்படக் காரணம் ஆசை. ஜூமை முழுக்க இழுத்து மாட்டைச் சட்டகம் நிறைய வைக்கப் பார்க்கிறீர்கள். பெரிய மாடோ பூஞ்சிட்டோ (சிறிய மாட்டுப் பிரிவு), ஓடும்போது தலை மேலும் கீழும் போகும், வண்டி குதிக்கும், துணைச் சாரதி பின்னால் ஓடி வருவார். ஜோடி மாடு, வண்டி, சாரதி எல்லாம் சேர்ந்து சட்டகத்தின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் நிரப்ப வேண்டும். மிச்சத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சலில் பாதியை வெட்டினாலும் பத்திரிகைக்குத் தாராளம். மிச்ச இடத்தில் பெரும்பகுதி மாட்டின் மூக்குக்கு முன்னால் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் மாடு சுவரில் முட்டப்போகிற மாதிரி தெரியும். இதற்கு நடு ஃபோகஸ் புள்ளியை விட்டுவிட்டு, மாடு வலமிருந்து இடம் போனால் வலப்பக்கப் புள்ளித் தொகுதியைத் தேர்ந்தெடுங்கள். புள்ளி மாட்டின் கண்ணில் உட்காரும்போது முன்னால் இடம் தானே கிடைத்துவிடும்.

அடுத்து இடம். முந்தின வண்டி போகும்போதே பின்னணியைப் பாருங்கள். ஃபிளக்ஸ் பேனர், மின்கம்பம், வெள்ளைக் கார் நிற்கும் இடத்தைத் தவிருங்கள். தென்னந்தோப்பு நிழலோ கூட்டத்தின் வேட்டி சட்டை வரிசையோ பின்னால் இருந்தால் நல்லது. சாலை வளைவில் வண்டி வேகம் குறையும், மாடுகள் உடல் சாய்க்கும், சாரதி எழுந்து நிற்பார். படம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் வளைவின் வெளிப்பக்கம் நிற்கவே நிற்காதீர்கள். தடம் மாறும் வண்டி அந்தப் பக்கம்தான் வரும். உள்பக்கம், கயிற்றுக்குப் பின்னால், முழங்காலிட்டு மாட்டின் மார்பு உயரத்தில் கேமராவை வையுங்கள். நின்றபடி எடுத்தால் முதுகும் தார்ச்சாலையும்தான் கிடைக்கும். நாலு குளம்பும் மண்ணில் இல்லாத அந்த நொடிக்கு 1/1000 அல்லது 1/1250, எஃப்/5.6 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு குறையும்), தொடர் கிளிக். தொடர் கிளிக்கை மாடு வரும் முன்பே தொடங்கிவிட்டால் முக்கியமான நேரத்தில் கேமரா மெமரி நிரம்பித் திணறும். மூன்று நாலு படம், ஒரு இடைவெளி, மறுபடி மூன்று நாலு.

பின்னணி இழுபடும் படத்துக்குப் பேனிங் என்று பெயர். அதற்கு 1/60 வையுங்கள். கை பழகிய பிறகு 1/30. பகல் வெயிலில் அந்த வேகத்துக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/16 வரை போக வேண்டியிருக்கும். அப்போதும் படம் வெளுத்தால் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர், அல்லது காலை முதல் சுற்றிலேயே எடுத்துவிடுங்கள். வண்டி உங்களுக்கு நேர் குறுக்கே, 10 முதல் 15 மீட்டர் தள்ளிப் போகும் நேரான சாலை வேண்டும். வளைவில் இது சரிவராது. எந்த இடத்தில் கிளிக் செய்யப் போகிறீர்களோ அந்த இடத்தைப் பார்த்துப் பாதங்களை ஊன்றுங்கள். பிறகு இடுப்பை மட்டும் திருப்பி, வண்டி வரும் திசையில் கண்ணைப் பதியுங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வண்டியோடு சேர்ந்து இடுப்பு திரும்ப வேண்டும், கை அல்ல. கிளிக் செய்த பிறகும் நிற்காமல் திரும்பிக்கொண்டே இருங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான்: கிளிக் செய்த கணத்தில் உடம்பு நின்றுவிடும், படமும் அங்கேயே கலங்கிவிடும். லென்ஸ் நடுக்கத் தடுப்பில் இரண்டாம் நிலை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். அது மேலும் கீழுமான ஆட்டத்தை மட்டும் தடுக்கும். தொடக்கத்தில் இருபதுக்கு ஒன்று தேறினால் நல்ல கணக்கு. கால்கள் கலங்கித்தான் இருக்கும். கண்ணும் கொம்பும் கூர்மையாக இருந்தால் அதுவே தேறிய படம்.

கேள்வி: எதற்கு இத்தனை யோசனை? எப்போதும் 1/8000 வைத்துவிட்டால் தீர்ந்ததே?
— கல்லூரி மாணவர், திருவையாறு

தீராது. வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ ஏறி, முகத்தில் மணல் தூவின மாதிரி ஆகிவிடும். அதோடு ஓடும் பைக்கின் சக்கரக் கம்பிகள் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரிந்தால் வண்டி ஸ்டாண்டு போட்டு நிற்கிற மாதிரி இருக்கும். 1/250-க்கு இறக்கிப் பாருங்கள், சக்கரம் சுற்றும்.

கேள்வி: கோடிக்கரையில் பூநாரைக் கூட்டத்தை 70–300 லென்ஸில் எடுத்தேன். 1/2000 வைத்தும் புகைக்குள் இருப்பது போல நெளிந்து தெரிகிறது. பறக்கும்போது எடுத்தால் எல்லாம் வால் பக்கம்தான் கிடைக்கிறது.
— வாசகர், வேதாரண்யம்

நெளிவுக்குக் காரணம் கேமரா அல்ல, கானல். சூடேறிய உப்பளத் தரைக்கும் சேற்றுத் தரைக்கும் மேலே காற்று அலையலையாக எழும். 300 மில்லிமீட்டரில் தொலைவுப் பறவையை எடுக்கும்போது அந்த அலை முழுவதையும் ஊடுருவிப் பார்க்கிறீர்கள். எந்த ஷட்டர் வேகமும், எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. விடிந்ததிலிருந்து சுமார் எட்டு மணி வரைதான் நேரம். அதற்குப் பிறகு தூரத்துக் கூட்டத்தை விட்டுவிட்டு அருகில் மேயும் உள்ளான், கொக்குப் பக்கம் திரும்புங்கள்.

வால் பக்கம் கிடைப்பதற்கு மருந்து காற்று. பறவைகள் எழும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே செய்யும். பூநாரை வரும் ஐப்பசி முதல் மாசி வரை நமக்கு வடகிழக்குக் காற்று. எழும்பும் பறவை வடகிழக்கு பார்த்தே எழும்பும். காலையில் சூரியனும் கிழக்கே. ஆக, கூட்டத்துக்குக் கிழக்கும் வடகிழக்குமான பக்கம் நின்றால் வெயிலும் காற்றும் இரண்டும் உங்கள் முதுகில் படும், பறவை முகம் காட்டி, ஒளி முகத்தில் விழ, உங்களை நோக்கி எழும். மேற்கே நின்றால் இரண்டும் எதிர். கிளம்பும் முன் கைக்குட்டையை விரித்துப் பிடித்துப் பார்த்தாலே போதும், காற்று திசை தெரிந்துவிடும்.

பூநாரை பெரிய பறவை, சிறகடிப்பு நிதானம். 1/1250 முதல் 1/1600 போதும். மீன்கொத்திக்குத்தான் 1/3200 வேண்டும். அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் திறப்பை, எஃப்/8-ல் வையுங்கள். 70–300 வகை லென்ஸ்களில் பெரும்பாலானவை 300 முனையில் முழுத் திறப்பில் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், ஒரு நிலை மூடினால் கூர்மை ஏறும். வெளிர் வானத்தின் முன் பறந்தால் வெளிச்ச ஈடு (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +0.7 முதல் +1 வரை, இல்லாவிட்டால் பறவை கறுத்துப்போகும். அதே பறவை இருண்ட அலையாத்திக் காட்டின் முன் வந்தால் –0.7, இல்லாவிட்டால் வெள்ளை இறகு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.

கூட்டத்தை முழுதாக எடுப்பதா, ஒரு பறவையை எடுப்பதா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றால், பாதி உடல், அரைச் சிறகு, ஓரத்தில் தலையில்லாத கழுத்து என்று வரும். கூட்டம் என்றால் ஜூமைக் குறைத்து, கோடாக எழும் முன்வரிசையில் ஃபோகஸை வையுங்கள். ஒன்று என்றால் கூட்டத்திலிருந்து விலகிப் பறக்கும் ஓரத்துப் பறவைக்குக் காத்திருங்கள். படத்துக்காகக் கைதட்டி எழுப்புகிறவர்களைப் பார்த்தால் எட்டிப் போங்கள். அது 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சார் ஈரநிலம் (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்). அதை விட, மிரண்டு பறக்கும் பறவை எப்போதும் முதுகைத்தான் காட்டும்.

கேள்வி: செல்போன்தான் இருக்கிறது. ஓடியாடும் மூன்று வயதுப் பேத்தியை வீட்டுக்குள் எடுத்தால் இரண்டு கை நாலு கையாகத் தெரிகிறது.
— பாட்டி, கும்பகோணம்

அம்மா, போன் ஒரு கிளிக்கில் பல படங்களை எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது. குழந்தை அதற்குள் நகர்ந்துவிடுவதால் கை இரட்டிக்கிறது. நைட் மோடு, எச்டிஆர் இரண்டையும் அணையுங்கள். பிறகு பேத்தியைத் திண்ணைக்கோ முற்றத்து ஓரத்துக்கோ வரச் செய்யுங்கள். கூடத்து டியூப்லைட்டை விடத் திண்ணையில் வெளிச்சம் பல மடங்கு அதிகம். போன் தானாகவே வேகமான ஷட்டருக்குப் போய்விடும். ஜூம் செய்யாதீர்கள், 1எக்ஸ் லென்ஸிலேயே இரண்டடி முன்னே போங்கள். தரையில் உட்கார்ந்து குழந்தையின் கண் உயரத்தில் போனைப் பிடியுங்கள். அவள் ஓடி வந்து தொடும் தூணைத் திரையில் விரலால் நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கே பூட்டிக்கொள்ளும். அவள் தூணருகே வரும்போது கிளிக் செய்யுங்கள். முதல் வேலையாகப் போனின் லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிடுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸ்தான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது.

கேள்வி: தவில் கச்சேரியில் சத்தம் வரக்கூடாதென்று சைலன்ட் மோடில் எடுத்தேன். குச்சி வில்லாக வளைந்திருக்கிறது!
— வீடியோகிராபர், திருவாரூர்

சைலன்ட் மோடில் எலக்ட்ரானிக் ஷட்டர் வேலை செய்கிறது. பெரும்பாலான கேமராக்களில் அது படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். கீழ் வரிக்கு வருவதற்குள் குச்சி நகர்ந்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். தவில் சத்தத்தில் உங்கள் கிளிக் யார் காதிலும் விழாது. 1/1000-ல் குச்சியை உறைய வைத்தால் வாசிக்காமல் சும்மா தூக்கிப் பிடித்த மாதிரி இருக்கும். 1/100-ல் முகமும் தவிலும் கூர்மையாக, குச்சியும் வலந்தலை (தவிலின் வலப்பக்கம்) விரல்களும் மட்டும் கலங்கி இருப்பதே அழகு. குச்சி இடது கையில் இருக்கும், அது முகத்தை மறைக்காத பக்கமாகப் பார்த்து உட்காருங்கள்.

கேள்வி: இரவுக் கபடிப் போட்டியில் தொடர்ந்து எடுக்கும் படங்களில் ஒன்று வெளிச்சம், ஒன்று இருட்டு, ஒன்றில் பாதி மஞ்சள். ஏன்? எங்கே நின்று எடுத்தால் நல்லது?
— வாசகர், வடுவூர்

மின்விளக்கு உங்களை ஏமாற்றுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவான எல்இடி விளக்குகளும் பழைய மெர்க்குரி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, 1/500 ஷட்டருக்குத் தெரியும். கேமரா மெனுவில் ஃபிளிக்கர் குறைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். விளக்கு உச்சத்தில் எரியும் கணத்துக்குக் காத்திருந்து கிளிக் செய்யும், தொடர் வேகம் சற்றுக் குறையும். அந்த வசதி இல்லாத கேமராவில் 1/100 வைத்தால் இந்த வெளிச்ச மாறுபாடு மறையும், ஆனால் ரெய்டர் (பாடிச் செல்பவர்) கலங்குவார். அதனால் 1/500 வைத்துக் கூடுதலாக எடுத்துத் தேர்ந்தெடுப்பதே வழி. எலக்ட்ரானிக் ஷட்டர் இங்கேயும் வேண்டாம், படத்தில் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் கூடும்.

50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் ஒன்று இருந்தால் இரவுக் கபடிக்கு அது கிட் லென்ஸை விட எத்தனையோ மேல். எஃப்/2.2, 1/500, ஐஎஸ்ஓ 3200-லிருந்து ஆரம்பியுங்கள். சிறிய சென்சார் கேமராவில் 6 மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 என்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். ரெய்டர் கூர்மை, பிடிப்பவர் மங்கல் என்று வந்தால் குழம்பாதீர்கள், ஆழம் அவ்வளவே.

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டின் முனையில், பக்கக்கோட்டுக்கு வெளியே உட்காருங்கள். ரெய்டுக்கு 30 நொடி. அதற்குள் ரெய்டர் எங்கே போனாலும் நடுக்கோட்டுக்குத் திரும்பியே ஆக வேண்டும். நடுக்கோட்டில் உங்களுக்கு 5 மீட்டர் தூரத்தில் ஃபோகஸைத் தயாராக வைத்துக்கொண்டு, கை கோட்டைத் தொட நீளும்போது எடுங்கள். பின்னால் கால்களைப் பிடித்து இழுக்கும் மூன்று நாலு பேரும் முகத்தோடு படத்துக்குள் வருவார்கள். களத்தின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் நின்றால் பிடிப்பவர்களின் முதுகுதான் வரும். சத்தம் கேட்டதும் அழுத்தினால் தாமதம். ரெய்டர் தோளைத் திருப்பும்போதே அழுத்துங்கள்.

கேள்வி: ஆழித்தேர் மெதுவாகத்தான் போகிறது. ஆனாலும் என் படங்களில் தேர் ஓடுகிற மாதிரியே இல்லை.
— வாசகி, திருவாரூர்

96 அடித் தேர் முழுவதையும் சட்டகத்துக்குள் அடைத்தால் அது கோபுரம் மாதிரி நிற்கும். நகர்வு தேரில் இல்லை, வடத்தில் இருக்கிறது. தேருக்கு முன்னால் நன்கு தள்ளி, அனுமதி பெற்று ஒரு மாடியிலிருந்து, வடம் படத்தின் கீழ் மூலையிலிருந்து தேரை நோக்கிச் சாய்வாக ஓடும்படி நில்லுங்கள். வடம் பிடிப்பவர்கள் ஒன்றாகப் பின்னால் சாய்ந்து இழுக்கும் கணம், வடம் விறைத்திருக்கும் கணம், அதுதான் கிளிக். 1/500, எஃப்/8. இன்னொரு வழி: கைப்பிடிச் சுவரில் கேமராவை ஊன்றி, தேர் நின்றிருக்கும்போது 1/4 நொடி வையுங்கள். தேர் கல்லாக நிற்கும், கூட்டம் ஆறாக ஓடும். பகலில் இதற்கும் என்டி ஃபில்டர் தேவைப்படும். முட்டுக்கட்டை போடுகிறவர்களை எடுக்க ஆசையென்றால் 200 மில்லிமீட்டர் லென்ஸில் தூரத்திலிருந்து எடுங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் போவது அவர்களுடைய வேலை, நம்முடையதல்ல.

கேள்வி: களத்தில் நெல் தூற்றுவதை எடுக்கும்போது நெல் தனித்தனியாகத் தெரிய என்ன செய்வது?
— விவசாயி, நீடாமங்கலம்

ஒன்றரை மீட்டர் விழுந்த நெல்மணி நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் வேகம் எடுத்திருக்கும். 1/60-ல் அது 9 சென்டிமீட்டர் கோடு, மழைத்தாரை போல விழும். 1/1000-ல் அரை சென்டிமீட்டர், நெல்லின் நீளத்துக்குள் அடங்கிவிடும். 1/2000-ல் மணி மணியாக நிற்கும். கோடாக விழுவதும் மணியாக நிற்பதும் இரண்டும் நன்றாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் 1/250 வைத்தால் கோடும் இல்லை, மணியும் இல்லை. காலையிலோ மாலையிலோ சூரியன் தூற்றுபவருக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில் இருக்க, பின்னணியில் மரநிழல் இருட்டாக இருந்தால் நெல்லும் தூசும் பொன்னாக மின்னும். முறம் தலைக்கு மேல் போவதற்கு இடம் விட்டு, குனிந்து, படத்தை நெட்டுவாக்கில் எடுங்கள். காற்று வரும் பக்கமே நில்லுங்கள், பதர் எதிர்ப்பக்கம் பறக்கும். களத்தில் லென்ஸ் மாற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ரப்பர் ஊதுகுழலால் தூசை ஊதிவிட்ட பிறகே கண்ணாடியைத் துடையுங்கள். ஊதாமல் துணியால் தேய்த்தால் உமித்தூள் கண்ணாடிப் பூச்சில் கீறல் போடும்.